உபயம் ராஜாளி

அந்த விளம்பரத்தை மூடிவிட்டீர்களா சார்? நல்லது. பக்கத்து சீட்டுக்காரர் போனை எட்டிப் பார்ப்பது தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏதோ செய்தி பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நடுவில் அது வந்துவிட்டது. கோட்டை இடிகிறது, ஒரு பெண் குளிரில் நடுங்குகிறாள், கீழே இலவசம் என்று போட்டிருக்கிறது. அது பொய் இல்லை சார். இலவசம்தான். நான் இரண்டரை வருடம் விளையாடினேன், ஒரு ரூபாய் கட்டியதில்லை.

தாராபுரம் இப்போதுதான் தாண்டியிருக்கிறோம். ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஓர் ஓட்டலில் பஸ்ஸை நிறுத்துவான். அதுவரை சொல்கிறேன். தூக்கம் வந்தால் சொல்லிவிடுங்கள், நிறுத்திக்கொள்வேன். பேச்சை நிறுத்துவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம், தொழில் அப்படி.

மைக் செட் சார். ஊர் கருங்காலியேந்தல், சிவகங்கைக்குக் கிழக்கே. ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிபயர், சீரியல் லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறேன். ஆனால் என்னைக் கூப்பிடுவது பெட்டிக்காக இல்லை, குரலுக்காக. பங்குனித் திருவிழா எட்டு நாளும் உபயம் வாசிப்பது நான்தான். டியூப் லைட் உபயம் யார், தண்ணீர்ப் பந்தல் உபயம் யார், சுண்டல் உபயம் யார் என்று கமிட்டி மேசையிலிருந்து சீட்டு வரும். வாசிக்க வேண்டும். சுலபம் என்று நினைப்பார்கள். சுலபம் இல்லை. பேருக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்த ஒரு மூச்சில் கூட்டம் திரும்பிப் பார்க்கும். பிறகு பேர், தகப்பனார் பேர், குடும்பத்தார். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து விட வேண்டும். கொடுத்தவர் கூட்டத்தில் எங்கோ நின்றுகொண்டிருப்பார், தலையைக் குனிந்துகொள்வார், ஆனால் அடுத்த வருடம் இரண்டு மடங்கு கொடுப்பார். முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

பெட்டிகளை ஏற்றி இறக்க மலைக்கண்ணன் என்று ஒரு பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது இருக்கும். கீழத்தெரு. சொந்தமாகக் குட்டியானை லோடு வண்டி வைத்திருந்தான். நல்ல உழைப்பாளி, அதிகம் பேசமாட்டான். என் பெட்டி ஒன்றில்கூடக் கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

விளையாட்டுக்கு வருகிறேன். ஆடி பிறந்தால் கல்யாணம் இல்லை, எனக்கு வேலை இல்லை. ஒரு ஆடியில் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது இந்த விளம்பரம்தான் வந்தது. தொட்டேன். ஒரு கோட்டை கொடுத்தார்கள். மதில் கட்டு, படை சேர். தனியாக இருந்தால் எவனாவது வந்து இடித்துவிட்டுப் போவான், அதனால் நூறு பேர் சேர்ந்து ஒரு படையாக இருக்க வேண்டும். வைகைப் படை என்று ஒன்று இருந்தது, தமிழ் ஆட்கள். சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருப்பவர், துபாயில் டிரைவர், திண்டுக்கல்லில் ரெஜினா என்று ஒரு டீச்சர். போர் நடக்கும்போது எல்லோரும் போனிலேயே பேசிக்கொள்ளலாம். நான் பேசினேன். ஒரு வாரத்தில் என்னைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். எனக்குப் போர் தெரியாது சார். குரல்தான்.

மதில் இடிந்தால் கட்ட மூன்று நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவன் பணம் கட்டலாம், அந்த நிமிடமே எழும்பிவிடும். அதைப் பேக் என்பார்கள். எண்பத்தொன்பது ரூபாயில் தொடங்கி எட்டாயிரம், பத்தாயிரம் வரை. இதில் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார்கள். ஒருவன் பேக் வாங்கினால், அவன் படையில் இருக்கிற நூறு பேருக்கும் ஆளுக்கொரு பெட்டி இலவசமாக விழும். உள்ளே மரம், கல், இரும்பு இருக்கும். அப்படித்தான் நான் ஒரு ரூபாய் கட்டாமல் இரண்டரை வருடம் கோட்டை கட்டினேன்.

ஒருநாள் சிவகாசிக்காரர் எண்பத்தொன்பது ரூபாய் பேக் ஒன்று வாங்கினார். எல்லோருக்கும் பெட்டி விழுந்தது. அந்த நேரம் நான் பேசிக்கொண்டிருந்தேன், வாய் தானாகவே போய்விட்டது. "இன்றைய பெட்டி உபயம்..." ஒரு மூச்சு விட்டேன். "சிவகாசி, அச்சக அதிபர், திருவாளர் தங்கமாரி அவர்கள் குடும்பத்தார்" என்றேன். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. தங்கமாரி, "யோவ் மைக்கு, எம் பொண்டாட்டி பக்கத்துல இருக்கா, எம்புட்டுக்கு உபயம்னு கேக்குறா" என்றார். மறுபடி சிரிப்பு. மறுநாள் மூன்று பேர் வாங்கினார்கள்.

நான் யாரையும் வாங்கச் சொன்னதில்லை சார். ஒருவரைக்கூடச் சொன்னதில்லை. வாங்கினவர் பேரைச் சொன்னேன், அவ்வளவுதான். நானூறாவது இடத்தில் இருந்த படை மூன்றே மாதத்தில் முப்பதாவது இடத்துக்கு வந்தது.

ரெஜினா டீச்சருக்குப் பிடிக்கவில்லை. அவரும் என்னைப் போலக் கட்டாமல் விளையாடுகிறவர்தான். ஒருநாள் தனியாகக் கேட்டார். "அண்ணே, நமக்கு எதுக்கு இதை இலவசமாத் தர்றான்னு யோசிச்சிருக்கீங்களா?"

"விளம்பரத்துக்கு இருக்கும் டீச்சர்."

"அது இல்ல. காசு கட்டுறவன் ஜெயிக்கிறதுக்கும் தோக்குறதுக்கும் பார்க்குறதுக்கும் ஆள் வேணும்ல. நாமதான் அவனுக்குக் கூட்டம். சம்பளமில்லாத கூட்டம். நீங்க அதுல மைக் வேற கட்டிட்டீங்க."

நான் சிரித்தேன். இரண்டு வாரத்தில் டீச்சர் படையை விட்டுப் போய்விட்டார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவர், கோட்டை விளையாட்டிலும் பாடம் எடுத்தால் எப்படி என்று மற்றவர்களிடம் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ராஜாளி என்று ஒருவன் வந்து சேர்ந்தான். பேசவே மாட்டான். எழுத்தில் இரண்டு வார்த்தை போடுவான். "வணக்கம் அண்ணே." "வந்துட்டேன் அண்ணே." சேர்ந்த முதல் வாரமே பேக் வாங்கினான். நான் சொன்னேன், "இன்றைய பெட்டி உபயம்... ராஜாளி அவர்கள்." அவன் எழுதினான், "அண்ணே, இன்னொரு தடவை." சொன்னேன். மறுநாள் அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கினான்.

எங்கோ சிங்கப்பூரில் இருக்கிற ஆள் என்று நினைத்தோம். தங்கமாரி, துபாயில் கடை வைத்திருக்கிறவன் என்று அடித்துச் சொன்னார். வாரம் ஒன்று, பிறகு வாரம் இரண்டு. எங்கள் கமிட்டிப் பொருளாளர் துரைசிங்கம், எனக்கு மாமன் முறை, அவரையும் நான்தான் படையில் சேர்த்திருந்தேன். அவரும் ஒரு பைசா கட்டாதவர். ராஜாளி பெட்டி விழுந்தால் முதலில் திறப்பது அவர்தான். "மைக்கு, உன் ராஜாளி இன்னைக்கு என்ன கொண்டாந்தான்?" என்று காலையில் கடைக்கு வந்து கேட்பார். கேட்டுவிட்டு இருமுவார். அவருக்குப் பேச்சு ஒரு பங்கு, இருமல் ஒரு பங்கு.

இப்படி ஏழெட்டு மாதம். ஒருநாள் ராஜாளி எனக்குத் தனியாக எழுதினான். "அண்ணே நாளைக்குப் பெரிய பேக் வாங்குறேன். ஒரு பேர் சொல்லணும்."

"சொல்லிட்டாப் போச்சு. யார் பேர் தம்பி?"

"எங்கப்பா பேர். கருங்காலியேந்தல் கீழத்தெரு, காலஞ்சென்ற ரயில்வே இருளப்பன் நினைவாக."

சார், அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் தருகிறீர்களா? நன்றி.

இதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் வந்துவிட்டேன். எங்கள் திருவிழாவில் உபயம் வாங்குவது நாலு தெருவில்தான். கீழத்தெருவில் வாங்குவதில்லை. அது நான் வைத்த வழக்கம் இல்லை, நான் பிறப்பதற்கு முன்னால் இருந்தே அப்படித்தான். நாலு வருடத்துக்கு முன்னால் மலைக்கண்ணனின் அப்பா இருளப்பன் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்று வந்தார். தண்டவாளம் பார்க்கிற வேலை. அந்தப் பங்குனியில் அவர் கமிட்டி மேசைக்குப் போய் இரண்டு டியூப் லைட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். மேசையில் இருந்தவன் வெளியூரில் படிக்கிற பையன், ஆள் தெரியாமல் வாங்கிச் சீட்டு எழுதிவிட்டான். சீட்டு என் கைக்கு வந்தது. கீழத்தெரு இருளப்பன், ரயில்வே, டியூப் லைட் இரண்டு.

நிமிர்ந்து பார்த்தேன். துரைசிங்கம் மாமா மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இருமக்கூட இல்லை. என்னையே பார்த்தார். நான் அந்தச் சீட்டை அடியில் வைத்துவிட்டு அடுத்ததை வாசித்தேன்.

இருளப்பன் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தார், புதுத் துண்டு போட்டுக்கொண்டு. கடைசிச் சீட்டு வரைக்கும் நின்றிருந்தார். மறுநாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் கொடுத்தார்கள், வீட்டு வாசல் வரை ஆள் அனுப்பி. அதற்கு அடுத்த வருடம் ஆடியில் அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை சார், ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது.

ஆக, ராஜாளி யார் என்று தெரிந்துவிட்டது. இத்தனை மாதமும் பகலில் என் பெட்டியை ஏற்றி இறக்கியவன்தான். என் குரல் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? முதல் நாளே தெரிந்திருக்கும். எனக்குத்தான் அவனைத் தெரியவில்லை. அவன் வாயைத் திறக்கவே இல்லையே.

மறுநாள் அவன் சொன்னபடியே பேக் வந்தது. இருக்கிறதிலேயே பெரியது. நூறு பேருக்கும் தங்கப் பெட்டி. துரைசிங்கம் மாமா உள்ளேதான் இருந்தார், இருமல் கேட்டது. எங்கள் ஊர் ஆட்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பங்குனி எட்டு நாள் வாடகை அவர்கள் கொடுப்பது. நான் சொன்னேன், "இன்றைய தங்கப் பெட்டி உபயம்... ராஜாளி அவர்கள், தம் தந்தையார் நினைவாக."

நினைவாக என்பதைச் சொன்னேன் சார். தந்தையார் என்றும் சொன்னேன். என் இடத்தில் வேறு எவனாவது இருந்திருந்தால் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டான். அன்றைக்கு எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது, யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல்.

ராஜாளி எழுதினான், "பேர் விட்டுப்போச்சு அண்ணே."

"சத்தத்துல குழப்பமாயிருச்சு தம்பி. அடுத்த தடவை பார்ப்போம்."

அடுத்த தடவை என்று நான் ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. வாயில் வருகிற வார்த்தை. அடுத்த வாரம் அதே அளவு பேக். அதே செய்தி, அதே எழுத்து. நான் மறுபடியும் தந்தையார் நினைவாக என்றேன். பேர் விட்டுப்போச்சு அண்ணே. அடுத்த தடவை தம்பி. அதற்கடுத்த வாரமும். ஆறு முறை சார். ஆறு தங்கப் பெட்டி. ஆறையும் நான் திறந்தேன். மாமாவும் திறந்தார். கோட்டைக்கு இருபத்தைந்தாவது அடுக்கு மதில் கட்டினேன்.

பகலில் அவன் பெட்டி ஏற்ற வருவான். அவனும் ஒன்றும் கேட்கமாட்டான், நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். "ஆம்ப்ளிபயரை முன்னால வைக்கட்டாண்ணே?" என்பான். "வை" என்பேன்.

போன மாதம் அவன் மனைவி முத்திருளாயி கடைக்கு வந்தாள். நின்றுகொண்டே பேசினாள். நாற்காலி இருந்தது, இரண்டு நாற்காலி.

"எப்பப் பார்த்தாலும் அவரு போன்ல உங்க குரல்தாண்ணே. பதிஞ்சு வச்சிருக்காரு. சோறு திங்கும்போதும் அதான். சின்னப் புள்ள அதையே சொல்லிக்கிட்டுத் திரியுது, தந்தையார் நினைவாக, தந்தையார் நினைவாகன்னு."

"வண்டி எங்கம்மா, காணோம்?"

"பைனான்சுக்காரன் எடுத்துட்டுப் போயி பதினஞ்சு நாளாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா" என்றேன். தெரியும் சார். அந்த மாதம் நான் வேறு வண்டி பிடித்திருந்தேன்.

"இப்பத் திருப்பூர்ல சாயப்பட்டறையில நிக்கிறாரு. வாரச் சம்பளம். அதுவும் அந்த விளையாட்டுக்குள்ளதான் போகுது. பெரியவ பத்தாப்பு. இந்த வருசத்தோட நிப்பாட்டி மில்லுக்கு அனுப்பலாமான்னு போன்ல கேக்குறாரு. அவ நல்லாப் படிக்கிற புள்ள."

"நான் என்னம்மா பண்ண முடியும்? கம்பெனி எங்கயோ வெளிநாட்டுல இருக்கு."

"கம்பெனிக்காரனை எனக்குத் தெரியாது. உங்களத் தெரியும். அவரு என்ன கேக்குறாருன்னு உங்களுக்குத் தெரியும். அதைக் குடுத்துட்டு நிறுத்தச் சொல்லுங்க. எம்புள்ள படிப்பு போச்சுன்னா நான் யாரைப் போயிக் கேக்குறது?"

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்காகத்தான் திருப்பூர் போனேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு வரிசை வீடு, ஒரு அறையில் ஐந்து பேர். முழங்கை வரைக்கும் நீலமாக வந்து நின்றான். தேய்த்தாலும் போகாதாம். என்னைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் சார். கோபமாக இருப்பான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். "தலைவரே வந்துட்டாரு" என்று அறையில் இருந்தவர்களை எழுப்பினான். ஜெயக்கொடி என்று ஒருவன், அருப்புக்கோட்டைப் பக்கம், பாயில் படுத்தபடியே, "இவருதானா அது? நாங்க தெனமும் முழிக்கிறதே இவரு குரல்லதான. அலாரமே இவருதான்" என்றான். "அப்பு, ஒங்களால எனக்கு ஒரு நாள் சம்பளம்கூடக் கட் ஆனதில்ல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தோம். "நிறுத்திரு மலைக்கண்ணா" என்றேன். "பொம்பளப் புள்ள படிப்பு. நான் ஒரு ரூபாய் கட்டாம விளையாடலையா?"

என்னைப் பார்த்தான். "நீங்க எதுக்குண்ணே கட்டணும்?" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான்.

பிறகு சொன்னான், "நிறுத்திர்றேண்ணே. இன்னைக்கே நிறுத்திர்றேன். ஒரு தடவை மட்டும் சொல்லிருங்க. முழுசா. நாலு மணிப் போருக்கு எல்லாரும் வருவாங்க. துரைசிங்கமும் வருவாரு."

"அவரு இருக்காருன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவரு வேற பேர்லல்ல இருக்காரு."

"இருமுவாருல்ல."

"சரி."

"இன்னைக்குப் பேக் வாங்கல. கையில ஒன்னும் இல்ல. பெட்டி இல்லாம சொல்லுவீங்களாண்ணே?"

"சொல்றேன்ப்பா."

"அதுக்கப்பறம் அதைத் தொட்டா செருப்பால அடிங்க."

நான் சொல்லத்தான் போனேன் சார். அதை நீங்கள் நம்ப வேண்டும். நாலு மணிக்கு உள்ளே போனேன். தெருவில் பனியன் மூட்டை ஏற்றுகிற லாரிச் சத்தம், அதனால் காதில் ஒயரை மாட்டிக்கொண்டேன். இரண்டு போன் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கூவும், மைக்கும் பெட்டியும் எதிரெதிரே இருந்தால் கூவுமே அது மாதிரி. அதனால் அவனிடம், "உன் போனை அணைச்சு வச்சிரு, கூவும்" என்றேன். அது உண்மை. அப்போது என் மனசில் வேறு ஒன்றும் இல்லை. தொழில் தெரிந்தவன் யாரும் அதைத்தான் சொல்வான். அவன் அணைத்து மடியில் வைத்துக்கொண்டான்.

எழுபது, எண்பது பேர் வந்துவிட்டார்கள். தங்கமாரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்த இருமல். "மைக்கு, ஆரம்பிக்கலாமா?" என்றார் துரைசிங்கம் மாமா. பங்குனிக்கு அட்வான்ஸ் இந்த மாதக் கடைசியில்தான் பேசுவார்கள். போன வருடமே சாயல்குடிக்காரன் ஒருவன் குறைந்த வாடகைக்குக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

திரையில் கீழே மைக் படம் ஒன்று இருக்கும். ஒரு தடவை தொட்டால் அதன் மேல் சிவப்புக் கோடு விழும், நாம் பேசுவது வெளியே போகாது. என் கட்டை விரல் அதன் மேல் இருந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. சிவப்புக் கோடு விழுந்ததைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே பேசினேன்.

"வைகைப் படை நண்பர்களுக்கு ஓர் அறிவிப்பு" என்றேன். ஒரு மூச்சு நிறுத்தினேன். "கருங்காலியேந்தல், கீழத்தெரு, காலஞ்சென்ற ரயில்வே திருவாளர் இருளப்பன் அவர்கள் நினைவாக, அவருடைய மகன் மலைக்கண்ணன் குடும்பத்தார்."

முப்பது வருடத்தில் எந்தப் பேரையும் அவ்வளவு நன்றாக நான் சொன்னதில்லை. மாடிப்படியில் எதிரொலித்தது. உள்ளே பாயில் படுத்திருந்த ஜெயக்கொடி எழுந்து வந்து வாசலில் நின்றான். மலைக்கண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

என் காதில் மாமா கேட்டார், "மைக்கு, உன் சத்தம் வரல. இருக்கியா இல்லையா?"

மலைக்கண்ணன் கேட்டான், "என்னண்ணே சொல்றாங்க?"

"கை தட்டுறாங்கப்பா."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"துரைசிங்கம்?"

"அவருந்தான்."

அவன் நீலக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். போனைத் திறந்து என்னிடம் நீட்டினான். "நீங்களே அழிங்கண்ணே." அழித்தேன். கணக்கை நிரந்தரமாக அழிக்கவா என்று மூன்று தடவை கேட்டது, மூன்று தடவையும் அவன் ஆம் என்றான். அவன் கோட்டை என் கோட்டையைவிடப் பெரியது. போய்விட்டது.

நிறுத்திவிட்டான் சார். அதற்காகத்தானே போனேன். அந்தப் பெண் படிக்கும். காரியம் நடந்துவிட்டது. அவனுக்கு மனசு நிறைந்தது, யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. கூட்டிக்கழித்துப் பார்த்தால் இதைவிட நல்லதாக யார் முடித்திருப்பார்கள்?

நானும் அழித்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன். இந்த வாரப் போர் முடியட்டும்.

அவன் உடனே வீட்டுக்குப் போன் போட்டான். "சொல்லிட்டாரு, முழுசாச் சொல்லிட்டாரு, துரைசிங்கம் கை தட்டுனாராம்" என்று தெருவே கேட்கச் சொன்னான். பிறகு முத்திருளாயி என்னிடம் பேசினாள். "பெரிய உபகாரம்ணே" என்றாள். அதோடு வைத்திருக்கலாம். "அதைப் பதிஞ்சு வச்சிருப்பீங்கள்ல? கை தட்டுனதோட. எங்க மாமியாளுக்குப் போட்டுக் காட்டணும். மாமனாருக்குத்தான் கேக்கக் குடுத்து வைக்கல, அவுகளாவது கேக்கட்டும்."

இருக்கும்மா என்றேன். நாளைக்கு அனுப்புறேன் என்றேன். வெளியில் யாருக்கும் அனுப்பிவிடாதே, கம்பெனி விதி, வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்றும் சொன்னேன். "சரிண்ணே" என்றாள். அப்படி ஒரு விதி இல்லை.

காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். இதோ பாருங்கள், தாராபுரத்தில் ஒன்று. நான் எடுக்கவில்லை.

வேகம் குறைகிறது. அந்த மஞ்சள் போர்டுதான் ஓட்டல். பதினைந்து நிமிடம் நிற்பான். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சத்தம் இருக்காது, போகும்போது பார்த்திருக்கிறேன். அங்கே நான் இன்னொரு முறை சொல்லிப் பதிந்துகொள்கிறேன். பேர் சொல்வது எனக்குப் பிரச்சினை இல்லை. கை தட்டல்தான் தனியாக முடியாது. போனைப் பிடித்துக்கொண்டு தட்ட முடியவில்லை, காலையில் லாட்ஜில் முயற்சி செய்து பார்த்தேன். தரையில் வைத்துத் தட்டினால் ஒருவன் தட்டுவது ஒருவன் தட்டுவதாகத்தான் கேட்கிறது.

நீங்கள் வருகிறீர்களா சார்? உங்களை யார் என்று யாருக்கும் தெரியாது, நீங்கள் எதுவும் பேச வேண்டியதில்லை. நானும் சேர்ந்து தட்டுவேன், அதையே நாலைந்து முறை அடுக்கி நான் கூட்டமாக்கிக்கொள்வேன், அந்த வேலை எனக்குத் தெரியும். போனுக்கு ரொம்பப் பக்கத்தில் தட்டாதீர்கள், சத்தம் பிளந்துவிடும். இன்னொன்று. நான் பேரைச் சொல்லி முடித்ததும் உடனே தட்ட வேண்டாம். மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுத் தட்டுங்கள். நான் நிஜமாகச் சொல்லியிருந்தால் அவர்களுக்குத் தட்ட அவ்வளவு நேரமாவது ஆகியிருக்கும்.